தீவகத்தின் பெயர்களும் எழுத்துகளும் யாருக்குச் சொந்தம்?

1658ஆம் ஆண்டு யூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயரின் கையிலிருந்து ஒல்லாந்தரின் கைக்கு மாறியது. வந்தவர்கள் கோட்டையோடு நின்றுவிடவில்லை. எங்கள் தீவுகளுக்குப் பெயரும் சூட்டினார்கள். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. ஊர்காவற்றுறையும் வேலணையும் அடங்கிய தீவு லெய்டன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம், நெடுந்தீவு டெல்ப்ட். தத்தம் ஊர்ப் பெயர்களைக் கொண்டுவந்து ஒரு கடலில் கொட்டிவிட்டுப் போனதுபோல இருக்கிறது அந்தப் பட்டியல். அங்கே ஏற்கெனவே குடியிருந்த மக்களுக்கும் அவர்கள் வாயில் வழங்கிய பெயர்களுக்கும் வரைபடம் வரைந்தவரிடம் மதிப்பு இருக்கவில்லை.

'கயிற்ஸ்' என்று ஆங்கிலத்தில் இன்றுவரை எழுதப்படும் பெயரும் நம்முடையதன்று. கப்பற்றுறை என்ற பொருளுடைய போர்த்துக்கேயச் சொல்லின் மருவலே அது. வன்னிக் காடுகளில் பிடிக்கப்பட்ட யானைகள் ஆனையிறவு வழியாக யாழ்ப்பாணத்துக்கு ஓட்டிவரப்பட்டு, இத்துறையிலிருந்தே கப்பலேற்றப்பட்டன. 'யானைகளின் துறை' என்றே போர்த்துக்கேயர் அதை அழைத்ததுண்டு. ஊர்காவற்றுறை என்ற தமிழ்ப் பெயர் காவலைச் சொல்கிறது. அவர்கள் வைத்த பெயர் சரக்கைச் சொல்கிறது.

இன்று இணையத்தில் கடை விரித்திருக்கும் நம்மவர்கள் வர்த்தகக் குறி, பதிப்புரிமை என்ற இரண்டு சொற்களையும் அடிக்கடி கேட்கிறார்கள். கொழும்பிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் சட்டத்தரணிகளின் விவகாரம் என்று எண்ணி ஒதுங்கியும் விடுகிறார்கள். என்னுடைய எண்ணம் வேறு. ஒரு பெயரை யார் பதிகிறார், ஓர் எழுத்தின்கீழ் யாருடைய பெயர் நிற்கிறது என்ற இரண்டு கேள்விகளும் மூன்றரை நூற்றாண்டுகளாகத் தீவகத்தின் கேள்விகள். நாம் உண்டாக்கினோம், எழுதி வைத்துக்கொண்டவர்கள் பிறர்.

முதலில் குறியைப் பார்ப்போம். 1602இல் தொடங்கப்பட்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி தன் பெயரின் மூன்று முதலெழுத்துகளைப் பின்னி ஓர் அடையாளம் வைத்திருந்தது. நாணயத்திலும் பீரங்கியிலும் பீங்கானிலும் அது பொறிக்கப்பட்டது. உலகெங்கும் பார்த்தவுடன் அறியப்பட்ட வணிகக் குறிகளுள் மிகப் பழையவற்றில் ஒன்றாக அதனை வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். அம்மூன்று எழுத்துகளையும் தமிழில் உச்சரித்தால் வி.ஓ.சி. என்று வரும். 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பற் கம்பனி தொடங்கிக் கொழும்புக்குக் கப்பல் விட்ட சிதம்பரம்பிள்ளை அவர்களின் முதலெழுத்துகளும் அவையே. வரலாற்றுக்கு எப்போதாவது நகைச்சுவையுணர்வு வந்துவிடுகிறது. நெடுந்தீவில் குதிரை வளர்த்தவர்களும் இந்தக் கம்பனியாரே. யாழ்ப்பாணப் பகுதியின் சாயவேரும் சங்கும் யானையும் அந்தக் குறியின்கீழேயே வெளியே சென்றன. வேரைக் கிண்டியவனுக்கும் சங்கு குளித்தவனுக்கும் குறி ஏதும் இல்லை.

அடுத்தது எழுத்து. ஒல்லாந்தப் படையோடு யாழ்ப்பாணம் வந்த பாதிரியார் பிலிப்பஸ் பால்டியஸ். 1632இல் ஒல்லாந்தின் டெல்ப்ட் நகரில் பிறந்தவர். அந்நகரின் பெயர்தான் நம் நெடுந்தீவுக்கு இடப்பட்டது. பல ஆண்டுகள் இங்கே பணியாற்றித் திரும்பிய அவர் எழுதிய பெருநூல் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. மலபார், சோழமண்டலக் கரை, இலங்கை ஆகியவற்றைப் பற்றிய அந்நூலை யாழ்ப்பாண வரலாறு எழுதும் எவரும் தவிர்க்க முடியாது. நம் கோயிற்பற்றுகளையும் தீவுகளையும் அவர் விவரித்திருப்பதை நானும் பலமுறை எடுத்தாண்டிருக்கிறேன். அந்நூலின் இறுதிப் பகுதி இந்துக்களின் தெய்வங்களைப் பற்றியது. ஐரோப்பாவில் நெடுங்காலம் இந்து சமயம் பற்றிய முன்னோடி ஆவணமாக அது போற்றப்பட்டது.

அப்பகுதியின் பெரும்பாலான பொருள் பால்டியஸுடையதன்று. கோழிக்கோட்டில் வாழ்ந்து 1632இல் மறைந்த யேசு சபைத் துறவி யாக்கோபோ பெனிசியோ என்பவர் போர்த்துக்கேய மொழியில் எழுதி வைத்த கையெழுத்துப் பிரதி ஒன்று இருந்தது. அதனை 1933இல் சுவீடன் நாட்டு அறிஞர் யார்ல் சார்பென்ரியர் பதிப்பித்தபோது விடயம் வெளிப்பட்டது. திருமாலின் பத்து அவதாரங்களைப் பற்றிக் கம்பனி உத்தியோகத்தர் பிலிப் ஏஞ்சல் எழுதிய கையெழுத்துப் பிரதியும் பால்டியஸின் நூலுக்குள் போயிருக்கிறது. 260 ஆண்டுகள் ஒருவரின் உழைப்பு இன்னொருவரின் பெயரில் உலாவியது. அந்தப் பெனிசியோவுக்கும் கதைகளைச் சொன்னவர்கள் மலையாளக் கரையின் உள்ளூர் மக்கள். அவர்களின் பெயர்களைத் தேட எந்தக் கையெழுத்துப் பிரதியும் உதவாது.

பால்டியஸ் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எழுதியவருக்கே உரிமை என்று சொன்ன முதற் சட்டம் இங்கிலாந்தில் ஆன் அரசியின் காலத்தில், 1710இல்தான் நடைமுறைக்கு வந்தது. 14 ஆண்டுகள் உரிமை. ஆசிரியர் உயிரோடிருந்தால் இன்னும் 14 ஆண்டுகள். அதற்கு முன் ஐரோப்பாவில் இருந்தவை அரசர்களும் நகர சபைகளும் அச்சகத்தாருக்கு அளித்த சலுகைகளே. எழுதியவன் அக்கணக்கில் பெரும்பாலும் வரவில்லை.

இந்த இடத்தில் கரம்பொன்னில் பிறந்த ஒருவரை நினைக்காமல் அப்பால் செல்ல முடியாது. தனிநாயகம் அடிகள் 1913இல் பிறந்தவர். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியின் மாணவர். ஐரோப்பிய நூலகங்களில் கிடந்த பழந்தமிழ் அச்சு நூல்களைத் தேடி அவர் 1950களில் அலைந்தார். 1554இல் லிஸ்பனில் அச்சான தமிழ் - போர்த்துக்கேயச் சிறுநூலைத் தமிழுலகம் அறியச் செய்தவர் அவர். ரோமன் எழுத்தில் தமிழ் அச்சான அந்நூலை ஆக்குவதில் ஈடுபட்ட மூவர் தமிழர்கள் என்று கருதப்படுகிறது. ஆயினும் நமக்குக் கிடைத்திருப்பவை வின்சென்தே, ஜோர்ஜ், தோமா என்ற போர்த்துக்கேயப் பெயர்களே. தமிழில் அச்சான முதல் நூலிலேயே தமிழனின் பெயர் இப்படி மறைந்து நிற்கிறது.

அடிகள் செய்த இன்னொரு பணி நம் விடயத்துக்கு நேரடியாகப் பயன்படும். அந்தாம் டி புரோயென்சா என்ற யேசு சபைத் துறவி தொகுத்த தமிழ் - போர்த்துக்கேய அகராதி, அவர் இறந்து 13 ஆண்டுகளின் பின் 1679இல் அம்பலக்காட்டில் அச்சாயிற்று. வத்திக்கான் நூலகத்தில் இருந்த அதன் பிரதியை அடிகள் 1966இல் கோலாலம்பூரில் நிழற்பதிப்பாக வெளியிட்டார். அகராதி எவருடைய தனிச்சொத்துமன்று. உரிமைக்காலம் என்றோ கடந்த பொதுச்சொத்து. அதற்கு அடிகள் எழுதிய முன்னுரையோ அடிகளுடையது. இணையத்தில் நூல் ஏற்றுவோர் பலர் தடுமாறும் இடம் இதுதான். 1879இல் மறைந்த ஆறுமுக நாவலரின் உரைநடையை எவரும் பதிப்பிக்கலாம். ஆனால் அதற்கு அண்மையில் ஒருவர் எழுதிய குறிப்புரையைச் சேர்த்து ஏற்றினால் அது அவருடைய உரிமையில் கைவைப்பதாகும்.

இலங்கையின் சட்ட வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரித்தானியரின் 1911ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இங்கும் நடைமுறைக்கு வந்தது. வர்த்தகக் குறிகளுக்கு 1925ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் இருந்தது. 1979இல் 52ஆம் இலக்கச் சட்டம் இரண்டையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்தது. இப்போது நடைமுறையில் உள்ளது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. ஆசிரியரின் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் அது நிலைக்கிறது. வர்த்தகக் குறியைப் பொறுத்தவரை கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிவதே உறுதியான பாதுகாப்பு. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம்.

நம் வணிகர்கள் குறியின் அருமை அறியாதவர்கள் அல்லர். வேலணை, புங்குடுதீவு, காரைநகர் ஊர்களைச் சேர்ந்தவர்கள் தென்னிலங்கைச் சந்திகளெங்கும் கடை வைத்திருந்த காலம் ஒன்றிருந்தது. சிங்களக் கிராமங்களில் யாழ்ப்பாணத்துச் சுருட்டுக்கடை இல்லாத சந்தி அரிது. சுருட்டுக் கட்டின்மேல் ஒட்டிய படமே குறி. எழுத்தறியாதவரும் படத்தைக் காட்டிக் கேட்டு வாங்குவர். யாழ்ப்பாணத்தில் மில்க்வைற் சவர்க்காரம் இருந்தது. அதன் அதிபர் கனகராசா அவர்கள் சவர்க்காரத்தோடு நில்லாமல் பனை நடுகையையும் ஊக்கினார். 'மில்க்வைற் செய்தி' என்ற இதழையும் வெளியிட்டார். ஒரு வணிகக் குறி ஒரு சஞ்சிகையின் பெயராகி, அந்தச் சஞ்சிகை இன்று ஆய்வாளர் தேடும் ஆவணமாகவும் ஆகிவிட்டது.

1983 யூலையில் தென்னிலங்கைக் கடைகள் எரிந்தன. 1990களின் தொடக்கத்தில் தீவகமே வெறிச்சோடியது. புதுப்பிக்கப்படாத பதிவு காலாவதியாகும் என்பது சட்டம். நீண்டகாலம் பயன்படாத குறியை நீக்கும்படி பிறர் கோரவும் இடமுண்டு. உரிமையாளரின் விருப்பத்துக்கு அப்பாற்பட்ட தடைகள் இருந்தால் அதனைக் கருத்திற்கொள்ள வேண்டுமென்று சர்வதேச உடன்படிக்கை சொல்கிறது. ஆனால் அதனைச் சொல்லி வாதாடுவதற்கு ஆள் அங்கே இருக்க வேண்டும், கடதாசியும் கையில் இருக்க வேண்டும். வள்ளமேறி வந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பதிவுப் பத்திரங்களைத் தூக்கி வரவில்லை.

சரவணையைச் சேர்ந்த நண்பர் ஒருவர் இப்போது முகநூல் வழியாகப் பனங்கட்டி, புழுக்கொடியல், ஒடியல் மா விற்கிறார். பொதிகள் கனடாவரை போகின்றன. அவர் எடுத்த படமும் அவர் எழுதிய விளக்கமும் வேறொருவரின் பொதியின்மேல் அச்சாகியிருப்பதை ரொறன்ரோவிலிருந்து ஓர் உறவினர் அனுப்பிவைத்தார். "இதுக்கு வழக்குப் போடலாமோ அண்ணை?" என்று என்னிடம் கேட்டார்.

அவருடைய கேள்வியில் மூன்று சிக்கல்கள் இருந்தன. படமும் விளக்கமும் அவருடைய ஆக்கம். பதிவு இல்லாமலேயே பதிப்புரிமை உண்டு. கைத்தொலைபேசியில் எடுத்த மூலக் கோப்பைத் திகதியோடு அவர் வைத்திருந்தது நல்லதாயிற்று. கனடாவும் இலங்கையும் பேர்ண் உடன்படிக்கையில் இருப்பதால் அந்த உரிமை அங்கும் செல்லுபடியாகும். கடையின் பெயர் அப்படியன்று. பொருளையும் இடத்தையும் மட்டும் சொல்லும் பெயரை அவர் வைத்திருந்தார். தீவகத்தில் பனங்கட்டி விற்கும் எவரும் சொல்லக்கூடிய சொற்கள் அவை. ஒருவருக்கு மட்டும் உரியதாக அவற்றை எளிதில் பதிய முடியாது. தனக்கென ஒரு புனைபெயரையோ உருவத்தையோ சேர்த்தால் பதிவுக்கு வழி பிறக்கும். மூன்றாவது, கொழும்பில் பதிந்த குறி இலங்கையின் எல்லைக்குள் மட்டுமே செல்லும். கனடாவில் அதே குறியை வேறொருவர் முந்திப் பதிந்துவிட்டால், இவருடைய பொதி அங்கே அந்நியப் பொதியாகிவிடலாம். பதியாத குறிக்கும் நியாயமற்ற போட்டி என்ற அடிப்படையில் பாதுகாப்புத் தேடலாம். ஆனால் வாங்குவோர் அதனைத் தன் குறியாகவே அறிவர் என்பதை அவரே நிரூபிக்க வேண்டும். நண்பர் ஒரு பனங்குருவியை வரைவித்து விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறார்.

தெய்வத்தின் பெயரைக் குறியாக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். நயினாதீவு நாகபூசணி அம்மன் பெயரை ஊதுவத்திப் பெட்டியில் இட்டால் நன்றாக விற்கும் என்பதில் ஐயமில்லை. இதற்கு ஒப்பான வழக்கொன்று இந்தியாவில் நடந்தது. ஊதுவத்திக்கு 'ராமாயண்' என்ற சொல்லைத் தன் தனிக்குறியாக ஒருவர் கோரினார். சமய நூலின் பெயரை ஒருவர் தனக்கு மட்டும் உரியதாக்க முடியாது என்று 2015இல் இந்திய உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியத் தீர்ப்பு இலங்கையைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் நியாயம் தெளிவானது. அம்மன் எல்லாருக்கும் உரியவள்.

ஊருக்கே உரிய பெயரைக் கூட்டாகக் காப்பதற்கு வேறொரு வழியுண்டு. அதன் பெயர் புவியியல் குறியீடு. பழனிப் பஞ்சாமிர்தம் 2019இல் அதனைப் பெற்றது. இலங்கைக் கறுவாவுக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த அங்கீகாரத்தை அளித்தது. அதே ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றமும் 8ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின்மூலம் உள்நாட்டில் புவியியல் குறியீடுகளைப் பதிவதற்கு வழி செய்தது. பனை அபிவிருத்திச் சபையும் கூட்டுறவுச் சங்கங்களும் நம் பனம் பொருள்களுக்காக இக்கதவைத் தட்ட வேண்டும் என்பது என் கருத்து. தனி வியாபாரி ஒருவரால் ஆகக்கூடிய காரியம் அன்று.

வணிகத்தைவிட என்னை அதிகம் உறுத்துவது நூல்களின் நிலை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் 97,000 நூல்களோடு எரிந்தது. தீவகத்தில் வீடுகள் பாழடைந்தபோது பெட்டகங்களில் இருந்த நூல்களும் கறையானுக்குப் போயின. எஞ்சியவற்றை மின்வடிவில் காக்கும் வேலையை 2005 முதல் நூலகம் நிறுவனம் செய்து வருகிறது. நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் பாதுகாப்புக்காகப் பிரதி எடுக்கச் சட்டத்தில் ஓரளவு இடமுண்டு. அப்பிரதியை உலகம் பார்க்க இணையத்தில் ஏற்றுவதானால் உரிமையாளரின் அனுமதி வேண்டும். எங்கே அந்த உரிமையாளர்? ஒரு பிள்ளை ரொறன்ரோவில், ஒன்று பாரிசில், ஒன்று இல்லாமலே போயிற்று.

புங்குடுதீவின் மு. தளையசிங்கம் 1973இல், 38 வயதுக்குள் மறைந்தார். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைவுக்குப்பின் 60 ஆண்டுகள். 2033 முடிவில் அவருடைய எழுத்து அங்கே பொதுவாகும். இலங்கையில் 70 ஆண்டுகள், 2043 முடிவு. கனடாவில் 50 ஆண்டுகளாக இருந்ததை 2022 டிசம்பர் 30இல் 70 ஆக்கிவிட்டார்கள். ஓராண்டுக்குச் சற்று மேல் தாமதித்திருந்தால் 2023 முடிவிலேயே அங்கே அவர் எழுத்து பொதுவாகியிருக்கும். அதே ஊரின் கவிஞர் சு. வில்வரத்தினம், ஆளற்றுப்போன தன் கிராமத்தைப் பாடி 'காற்றுவெளிக் கிராமம்' தந்தவர், 2006இல் மறைந்தார். அவர் கவிதைகள் இலங்கையில் 2076 முடிவுவரை உரிமைக்கு உட்பட்டவை. 1980இல் மறைந்த தனிநாயகம் அடிகள் துறவி. பிள்ளைகள் இல்லை. அவர் எழுத்துக்கு 2050 வரை அனுமதி தரவேண்டியவர் யார்? குடும்பத்தாரா, திருச்சபையா, வெளியிட்ட பல்கலைக்கழகமா? ஒவ்வொரு நூலுக்கும் தனித்தனியாகத் தேடவேண்டியிருக்கும்.

அரசு தலையிட்ட முன்மாதிரி தமிழகத்தில் உண்டு. பாரதியாரின் பாடல்களைத் திரைப்படத்தில் யார் பாடலாம் என்பது ஏ.வி. மெய்யப்பச் செட்டியாருக்கும் டி.கே.எஸ். சகோதரர்களுக்கும் இடையே பிணக்காகி, பெருங்கிளர்ச்சிக்குப்பின் 1949இல் சென்னை அரசு உரிமையை ஏற்றது. பின்னர் மக்களுக்கே விட்டுவிட்டது. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்த காலம் அது. அத்தகைய கிளர்ச்சி நம் தீவக எழுத்தாளருக்காக எழும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பத்திரிகையாளர் நிலை இன்னும் வேடிக்கையானது. தொழிலின்போது எழுதியவற்றின் பொருளாதார உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், தொழில் வழங்குநருக்குரியது. அன்றாடச் செய்திக்குப் பாதுகாப்பே இல்லை. ஊர்காவற்றுறைத் துறைமுகத்தைப் பற்றி நான் பத்திரிகையில் எழுதிய நீண்ட கட்டுரை ஒன்று, சில ஆண்டுகளுக்கு முன் புலம்பெயர் நாட்டு இணையத்தளம் ஒன்றில் வேறொருவரின் பெயரில் வந்திருந்தது. பணத்தைக் கேட்கும் உரிமை என் பத்திரிகைக்கு. பெயரைக் கேட்கும் உரிமை எனக்கு. அந்தத் தார்மிக உரிமையை எந்த முதலாளியும் எடுத்துக்கொள்ள முடியாது. கேட்டேன். பதில் வரவில்லை, கட்டுரை மட்டும் அத்தளத்திலிருந்து மறைந்துவிட்டது.

மறைந்த எழுத்தாளர்களின் பிள்ளைகள் இதை வாசிக்கக்கூடும். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தந்தையின், தாயின் நூல்களை மின்வடிவில் காக்க நீங்கள் விரும்பினால் ஒரு பக்கக் கடிதம் போதும். நூலின் பெயர், வெளிவந்த ஆண்டு, நீங்கள் அவருக்கு என்ன முறை, வேறு உரித்தாளர் யார் யார் என்பவற்றை எழுதுங்கள். வாசிப்பதற்கு மட்டுமா, மறுபதிப்புக்குமா, விற்பனைக்குமா என்று பிரித்துச் சொல்லுங்கள். சகோதரர்கள் எல்லாரும் கையொப்பமிடுங்கள். இயலாவிட்டால் மின்னஞ்சலிலாவது சம்மதம் தெரிவித்து இணையுங்கள். திகதியிட மறக்கவேண்டாம். ஒரு பிரதியை நூலகத்துக்கு அனுப்பி, மறு பிரதியை வீட்டு உறுதியோடு சேர்த்து வையுங்கள்.